உயரமானவருக்கு ஓரம் வெட்டும் கத்தரி: மரப்பிடியா, நீட்டும் பிடியா?

நின்றபடியே புல் வெட்டும் நீளப்பிடிக் கத்தரிகளில் இரண்டு வகை உண்டு. அலகுகள் படுக்கைவசமாக இருப்பது, மரத்தடியில் மெஷின் எட்டாத புல்லைக் குறைப்பதற்கு. செங்குத்தாக நிற்பது, பாத்தியின் மேலும் நடைபாதையின் மேலும் நீட்டிக்கொண்டிருக்கும் புல்லை நேராக நறுக்குவதற்கு. குன்னூரில் எங்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்காக நான் தேடியது இரண்டாவது வகையை. அவர் ஆறடி இரண்டு அங்குலம்.

அந்த உயரமுள்ளவரின் முழங்கை தரையிலிருந்து ஏறத்தாழ 118 செ.மீ. உயரத்தில் இருக்கும்; கைகள் அதற்கு நான்கு விரற்கடை கீழே நின்றால் முதுகு வளையாது. வழக்கமாக விற்கும் கத்தரிகளோ 90 முதல் 100 செ.மீ. நீளமுள்ளவை, சாய்த்துப் பிடிக்கும்போது பிடியின் உயரம் இன்னும் குறையும். அடுக்கடுக்காக வெட்டிய மலைச்சரிவுத் தோட்டத்தில் கீழ்த்தட்டில் நின்று மேல்தட்டின் ஓரத்தை வெட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு வேண்டியதில்லை. அவர் கிடைத்ததை வாங்கிக்கொள்ளலாம்.

நைலான் நரம்பு சுழலும் மெஷினை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அது புல்லோடு சரளையையும் வாரி வீசும், கோடும் நேராக வராது. இரும்புக் குழாய்ப் பிடி உறுதியானதுதான், ஆனால் நீளம் மாறாது; முனையிலுள்ள பிளாஸ்டிக் மூடி கழன்றால் மழைநீர் உள்ளே இறங்கி, வெளியே தெரியாமல் துருப்பிடிக்கும்.

எனவே போட்டி, நீட்டிச் சுருக்கும் அலுமினியப் பிடிக்கும் மரப்பிடிக்கும் இடையில்தான். அலுமினியம் எடை குறைவு, துருப்பிடிக்காது, வேண்டிய உயரத்துக்கு நீளும். உயரமானவருக்கு இதைத்தான் எல்லோரும் பரிந்துரைப்பார்கள். ஆனால் குழாய்க்குள் குழாய் எவ்வளவு தூரம் புதைந்திருக்கிறதோ அவ்வளவுதான் அதன் உறுதி. குள்ளமானவர் அதைப் பாதி நீட்டிப் பயன்படுத்துகிறார், உயரமானவரோ எப்போதும் கடைசி வரை நீட்டி, அது மிகவும் பலவீனமாக இருக்கும் நிலையிலேயே பயன்படுத்துகிறார். மென்மையான புல்லுக்கு அது போதும். நீலகிரியில் எங்கும் பரவியிருக்கும் கிக்குயு புல்லின் தரையோடும் தண்டு தடிமனானது. அதை நறுக்கும்போது பிடி நெளிகிறது, பூட்டு வளையம் நாளடைவில் நழுவுகிறது. நான் பார்த்தது ஒரே ஒரு மாடல். விலை கூடிய மாடல்களில் பூட்டு இன்னும் நன்றாக இருக்கக்கூடும்.

நாங்கள் வாங்கியது மரப்பிடி. கடையில் இருந்தபடி அதுவும் குட்டைதான். ஆனால் அலகிலிருந்து எழும் இரும்புக் கையின் முனை பிடிக்குள் இறங்கி, பூண் போட்டு இறுக்கப்பட்டிருப்பதால், ஆசாரி அந்தப் பிடியைக் கழற்றிவிட்டு, அண்ணனின் உயரத்தை அளந்து வேறு பிடி மாட்டிக் கொடுத்துவிட்டார். மரம் நன்கு காய்ந்த, நேராக இழையோடும் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ். ஈரமான மரமாயிருந்தால் முறுக்கிக்கொள்ளும். பிடி நீளும்போது, அலகு அதே அளவு திறக்கக் கைகள் அதிகம் விரிய வேண்டியிருக்கும் என்பதால் 15 செ.மீ.க்கு மேல் கூட்டக் கூடாது. எடை கூடியது உண்மை. பிடி உடைந்தால் வேறு போட்டுக்கொள்ளலாம் என்பதே எனக்கு முடிவான காரணம். அலுமினியப் பிடியின் பூட்டு வளையம் உடைந்தால் அதே கம்பெனியின் பாகத்தைத் தேடி அலைய வேண்டும்.

எந்தப் பிடியானாலும் நடு இணைப்பு ரிவிட் அடித்ததாக இல்லாமல், போல்ட்டும் நட்டும் போட்டதாக இருக்க வேண்டும். அது தளர்ந்தால் அலகு எவ்வளவு கூராக இருந்தாலும் கிக்குயு தண்டு அறுபடாமல் இரண்டு அலகுக்கும் இடையில் மடிந்துகொள்ளும். ஸ்பானரால் சிறிது திருகினால் சரியாகிவிடும், ரிவிட்டை அப்படி இறுக்க முடியாது. சாணை பிடிப்பவரிடம் சரிவான பக்கத்தை மட்டும் தீட்டச் சொல்ல வேண்டும். அலகுகள் உரசும் தட்டையான உட்பக்கத்தைத் தேய்த்துவிட்டால் இடைவெளி விழுந்துவிடும். கார்பன் எஃகு எளிதில் கூராகும், பனிமூட்டத்தில் எளிதில் துருவும் ஏறும். வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைவதால் இங்கே பெரும்பாலும் கட்டியாகவே இருக்கும். தையல் மெஷின் எண்ணெய் நல்லது.

ஒரே கத்தரியை உயரமானவரும் குள்ளமானவரும் மாறி மாறிப் பயன்படுத்தும் வீடாக இருந்தால் நீட்டும் பிடியே பொருந்தும். பூட்டு வளையம் பிளாஸ்டிக்காக இல்லாமல் உலோகமாக இருக்கிறதா என்று மட்டும் கடையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.