தப்பு, கோயில் மணி, நாதஸ்வரம்: மலையகத்துக்கு எந்த எஃப்எம் சிந்தசைசர்?

எஃப்எம் சிந்தசைசர்களை, அதாவது ஓர் அலையின் அதிர்வெண்ணை இன்னோர் அலையால் ஆட்டி ஒலி உருவாக்கும் கருவிகளை, ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் ஒப்பரேட்டர் (அலையை எழுப்பும் அலகு) எண்ணிக்கையைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான்கா, ஆறா, எட்டா என்று எண்ணி முடித்ததும், 1980களின் எலெக்ட்ரிக் பியானோ ஒலியை எந்தக் கருவி அச்சாக எழுப்புகிறது என்ற கேள்விக்குப் போய்விடுகிறார்கள். ஹட்டனிலோ பதுளையிலோ ஒரு சிறு இசைக்குழுவுக்கு ஒலி அமைப்பவருக்கு இந்த இரண்டு கேள்விகளாலும் பயன் குறைவு. அந்தப் பியானோ ஒலி இன்று எந்தச் சாதாரண கீபோர்டிலும் கிடைக்கிறது. கிடைக்காதவை நம்முடைய ஒலிகள்: காமன் கூத்தில் அதிரும் தப்பு மேளம், மாரியம்மன் கோயில் மணி, திருவிழா நாதஸ்வரம், தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் இரவெல்லாம் ஓடும் பெரிய விசிறிகளின் இரைச்சல். இவற்றை அடியிலிருந்து கட்டி எழுப்ப எது கைகொடுக்கிறது என்பதே என் அளவுகோல்.

ஒப்பிட எடுத்துக்கொண்டவை நான்கு. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7, ஆறு ஒப்பரேட்டர்களும் 32 அல்கோரிதங்களும் கொண்டது. 2015இல் வந்த யமஹா ரீஃபேஸ் டிஎக்ஸில் நான்கு ஒப்பரேட்டர்களும் 12 அல்கோரிதங்களும் உள்ளன. 2016இன் கோர்க் வோல்கா எஃப்எம் டிஎக்ஸ்7இன் அமைப்பை உள்ளங்கை அளவுப் பெட்டிக்குள் அடக்கியது. 2020இன் கோர்க் ஒப்சிக்ஸ் அதே ஆறு ஒப்பரேட்டர் சிந்தனையை வெளிப்படையான ஸ்லைடர்களோடும் குமிழ்களோடும் மறுபடி கட்டியது.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சுரத்தை வினாடிக்கு ஆறு தடவை மெல்ல ஆட்டினால் அது நடுக்கமாகக் கேட்கிறது. அந்த ஆட்டத்தை வினாடிக்கு இருபது தடவைக்கு மேல் விரைவாக்கினால் நடுக்கம் மறைந்து, சுரத்தின் நிறமே மாறிவிடுகிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் 1967இல் கவனித்தது இதைத்தான். 1973இல் அவர் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். யமஹா உரிமம் பெற்று, பத்து ஆண்டுகளில் அதை மேடைக்குக் கொண்டுவந்தது. நாம் கேட்கும் அலையை எழுப்பும் ஒப்பரேட்டர் கேரியர். அதை ஆட்டுவது மொடியுலேட்டர். யார் யாரை ஆட்டுகிறார்கள் என்ற வரைபடம்தான் அல்கோரிதம்.

முதலில் மணி. எஃப்எம் பிறந்த நாளிலிருந்தே மணி அதற்கு இயல்பாக வருகிறது. சௌனிங்கின் கட்டுரையிலேயே மணிக்கான எண்கள் இருக்கின்றன: கேரியர் 200 ஹேர்ட்ஸ், மொடியுலேட்டர் 280 ஹேர்ட்ஸ். விகிதம் 1க்கு 1.4. கூட்டியும் கழித்தும் பார்த்தால் 80, 200, 360, 480, 760 என்று வரிசை போகிறது. 200இன் சீரான மடங்காக இவற்றில் வேறெதுவும் அமையவில்லை. வெண்கலத்தின் குணம் அந்தச் சீரின்மையில்தான் இருக்கிறது. அடித்த கணத்தில் மொடியுலேட்டர் உச்சத்தில் இருக்க வேண்டும், பிறகு கேரியருக்கு முன்பே தணிய வேண்டும். அப்போது பளீரென்ற அடி முதலில் கரைந்து, ரீங்காரம் மட்டும் நெடுநேரம் நிற்கும்.

இதில் டிஎக்ஸ்7 நன்றாகவே வெல்கிறது. அதன் ஐந்தாம் அல்கோரிதத்தில் கேரியரும் மொடியுலேட்டருமாக மூன்று சோடிகள் உள்ளன. ஒன்றை அடிக்கும் நாக்குக்கும், மற்ற இரண்டையும் ரீங்காரத்துக்கும் விடலாம். அந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று மிகச் சிறிதளவு விலக்கி வைத்தால், பெரிய மணிகளில் கேட்கும் விம்மல் வந்துவிடுகிறது. ரீஃபேஸில் இரண்டு சோடிகள்தான் கிடைக்கும். அடிக்கு ஒன்று போனால் விம்மலுக்குத் துணை இல்லை. விம்மலுக்கு இரண்டையும் கொடுத்தால் அடி மழுங்குகிறது. கைமணி அளவுக்கு அது போதும், கோபுர வாசலில் தொங்கும் மணிக்குப் போதாது. ஒப்சிக்ஸ் டிஎக்ஸ்7இன் ஒலிகளை அப்படியே வாங்கிக்கொள்வதால் இங்கே அதற்குச் சமமாக நிற்கிறது. வோல்காவிலும் அதே மணியை ஏற்றலாம், ஆனால் அதில் ஒரே நேரத்தில் மூன்று குரல்கள்தான். நான்காவது அடி விழுந்ததும் முதல் மணியின் வால் வெட்டுப்படுகிறது. நீண்டு ஒலிக்க வேண்டிய ஒலிக்கு இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது. 2022இல் வந்த இரண்டாம் வோல்காவில் ஆறு குரல்கள் இருப்பதால் அந்தத் தொல்லை பாதியாகக் குறைந்துவிட்டது.

அடுத்தது தப்பு. இந்த ஒப்பீட்டின் உயிர் இதுதான் என்று நினைக்கிறேன். காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டத்துக்கு) அழைத்ததும், மாசியில் காமன் கூத்தை நடத்துவதும், சாவு வீட்டில் முன்னே நடப்பதும் இந்தக் கருவிதான். ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. ஒலி நூலகங்களில் ‘இந்திய மேளம்’ என்று கிடைப்பவை பெரும்பாலும் தபேலாவும் டோலக்கும்தான். தப்பைத் தேடி அங்கே போவதில் பொருளில்லை.

வட்டத் தோல் ஒன்று அதிரும்போது அதன் சுரங்கள் 1, 1.59, 2.14, 2.30 என்ற விகிதங்களில் எழுகின்றன. முழு எண் மடங்குகள் இல்லாததால்தான் மேளத்தில் சுரம் தெளிவாகப் பிடிபடுவதில்லை. அதன் மேல் தப்புக்கு இரண்டு குச்சிகள். தடித்த குச்சி தோலை முழுதாக அதிர வைக்கிறது. மெல்லிய குச்சி சுரீரென்று கீறிவிட்டுப் போகிறது. ஆகவே நமக்கு வேண்டியவை இரண்டு: தோலின் விகிதங்களில் நிற்கும் சில ஒப்பரேட்டர்கள், கீறலுக்கென ஒரு கூர்மையான, மிகக் குறுகிய வெடிப்பு.

டிஎக்ஸ்7இல் ஒரு அல்கோரிதத்துக்கு ஒரே ஒரு பின்னூட்டச் சுழல்தான் உண்டு. பின்னூட்டம் என்பது ஒரு ஒப்பரேட்டர் தன்னைத்தானே ஆட்டிக்கொள்வது. ஒலியில் பற்கள் முளைப்பது அதனால்தான். ஆறு ஒப்பரேட்டர்கள் இருந்தும் பற்கள் முளைக்க ஒரே இடம்தான். ரீஃபேஸ் டிஎக்ஸிலோ நான்கு ஒப்பரேட்டர்களுக்கும் தனித்தனிப் பின்னூட்டம் இருக்கிறது. ஒரு பக்கம் தள்ளினால் வாள்பல் அலையை நோக்கியும், மறுபக்கம் தள்ளினால் சதுர அலையை நோக்கியும் அது போகிறது. எனவே மெல்லிய குச்சிக்கு ஒரே ஒரு ஒப்பரேட்டரை ஒதுக்கினால் போதும். மற்ற மூன்றும் முழுதாகத் தோலுக்கு. நான்கு ஒப்பரேட்டர் கருவி ஆறு ஒப்பரேட்டர் கருவியைத் தோற்கடிக்கும் இடம் இது. எண்ணிக்கையை வைத்து விலை பேசுபவர்கள் இதைக் காதால் கேட்க வேண்டும்.

நான் ரீஃபேஸில் கட்டிய தப்பை டிக்கோயாவில் தப்பு அடிக்கும் ஒரு பெரியவருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “அடி சரிதான் தம்பி, தோல்தான் இன்னும் காயவில்லை” என்றார். பனியும் ஈரமும் ஏறிய தோலை நெருப்பில் காட்டி விறைக்க வைத்த பிறகே தப்பு பேசும். விறைத்த தோலின் சுரம் ஏறுகிறது, வால் குறைகிறது, அடியின் முனை கூர்மையாகிறது. அதை அப்படியே எண்களில் எழுதலாம்: சுரத்தைச் சற்று உயர்த்தவும், தணியும் வேகத்தைக் கூட்டவும், முதல் கணத்தின் மொடியுலேஷனை ஏற்றவும். ரீஃபேஸில் இந்த மூன்றையும் தனித்தனியாகத்தான் மாற்ற முடிகிறது. ஒப்சிக்ஸில் மொடியுலேஷன் சக்கரம் ஒன்றில் மூன்றையும் கட்டிவிடலாம். சக்கரத்தை மெல்ல மேலே தள்ளத் தள்ள ஈரத்தோல் காய்ந்து விறைக்கிறது. கீறலுக்கும் அதில் இரைச்சல் அலையை நேரடியாக ஒரு ஒப்பரேட்டருக்குக் கொடுக்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே, தப்பில் ஒப்சிக்ஸை முதலிடத்திலும் ரீஃபேஸை அதற்கு மிக அருகிலும் வைக்கிறேன்.

வோல்காவுக்கு இங்கே ஒரு நல்ல சொல்லும் ஒரு குறையும் இருக்கின்றன. அதன் முகப்பில் மொடியுலேட்டரின் எழுச்சிக்கும் தணிவுக்கும் இரண்டு குமிழ்கள், கேரியரின் எழுச்சிக்கும் தணிவுக்கும் இரண்டு குமிழ்கள். எஃப்எம் கற்க வருபவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. ஒன்றைத் திருப்பினால் நிறம் மாறுகிறது, மற்றதைத் திருப்பினால் நீளம் மாறுகிறது. குமிழைத் திருப்பும் அசைவையே 16 படிகள் கொண்ட தாளத்தில் பதிவு செய்யலாம். ஆனால் முதல் வோல்கா, மிடி (மின்னிசைக் கருவிகளை இணைக்கும் முறை) வழியாக வரும் அடியின் வலிமையைக் கணக்கில் எடுப்பதில்லை. தப்பில் வலிமை கூடினால் சத்தம் மட்டும் கூடுவதில்லை, நிறமும் மாறுகிறது. மற்ற மூன்றிலும் வலிமையை மொடியுலேட்டர் அளவோடு இணைக்க முடியும் என்பதால் அடிக்கு அடி உயிர் வருகிறது. இரண்டாம் வோல்காவில் இந்தக் குறையையும் தீர்த்துவிட்டார்கள். வாங்குவதானால் அதையே தேடுங்கள்.

நாதஸ்வரத்துக்கு வரும்போது கணக்கு தலைகீழாகிறது. சீவாளி வழியாக மூச்சு எப்படிப் போகிறதோ அப்படி ஒலியின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். விரல்களால் மட்டும் இதைச் சமாளிக்க முடியாது. நாற்பது ஆண்டுப் பழைய டிஎக்ஸ்7இல் மூச்சுக் கட்டுப்பாட்டுக் கருவிக்கென ஒரு துளை இருக்கிறது. அந்த மூச்சை மொடியுலேட்டர்களின் அளவோடு இணைத்துவிட்டால், பலமாக ஊதும்போது ஒலி பிரகாசமாகிறது, தளர்த்தும்போது மங்குகிறது. 1க்கு 1 என்ற விகிதத்தில் ஒரு சோடியை அடித்தளமாக வைத்து, அதன் மேல் 3 அல்லது 4 என்ற விகிதத்தில் இன்னொரு கேரியரை மெல்ல ஏற்றினால் அந்த மூக்கொலி தலைகாட்டுகிறது. கமகத்துக்குச் சுரவளைவுச் சக்கரம், அழுத்தத்துக்கு உணரும் கட்டைகள், எல்லாம் முழு அளவில். ரீஃபேஸின் சிறிய கட்டைகளில் இந்த நயம் வராது. வோல்காவின் தொடுபட்டையைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

ஆனாலும் கோயிலில் உண்மையான நாதஸ்வரக் கலைஞர் அமர வேண்டிய இடத்தில் இவற்றில் எதையும் வைக்க நான் உடன்படமாட்டேன். தப்புக்கும் அதுவே. இந்த ஒலிகள் புதுப் பாட்டுக்கும் மேடை நாடகத்துக்கும் பின்னணிக்கும் உரியவை. கலைஞரின் கூலியை மிச்சம் பிடிப்பதற்காக அல்ல.

தொழிற்சாலை விசிறியின் இரைச்சல் நான்கிலும் வரும். 0.5 விகிதத்தில் தாழ்ந்த சோடிகளைச் சற்று விலக்கி வைத்தால் போதும். ஒப்சிக்ஸில் ஃபில்டரும் அலை மடிப்பும் இருப்பதால் கொஞ்சம் கூடுதல் கனம் கிடைக்கிறது.

இனி கையும் மின்சாரமும். டிஎக்ஸ்7இல் ஒவ்வொரு மதிப்பையும் ஒரு தட்டையான பொத்தானால் தேர்ந்து, ஒரே ஸ்லைடரால் மாற்ற வேண்டும். அதன் சிறு திரையில் இரண்டு வரிகள், பின்னொளி கிடையாது. அளவு 0 முதல் 99 வரை இருந்தாலும் அது நேர்க்கோட்டில் ஏறுவதில்லை. ஏறத்தாழ எட்டுப் படி ஏற்றினால் மொடியுலேஷன் இரட்டிப்பாகிறது. ஆகவே 90க்கும் 98க்கும் இடையில் ஒலி முகமே மாறிவிடும். ஒப்சிக்ஸில் ஒவ்வொரு ஒப்பரேட்டருக்கும் ஒரு ஸ்லைடர், அதன் ஒளியின் நிறமே அது கேரியரா மொடியுலேட்டரா என்று காட்டுகிறது. காது கேட்டுக்கொண்டிருக்கும்போதே கை போய்ச் சேருகிறது. ஒலி வடிவமைப்புக்கு இது எந்த எண்ணிக்கையையும் விடப் பெரிய உதவி.

மலையில் வாழ்பவர் அதோடு நிறுத்த முடியாது. 2022இன் நீண்ட மின்வெட்டுகளை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் நிற்பது இன்றும் வழக்கம். ரீஃபேஸ் ஆறு டபுள் ஏ பேட்டரிகளில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஓடும், ஸ்பீக்கரும் உள்ளேயே இருக்கிறது. எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. வோல்காவும் ஆறு பேட்டரிகளில் ஓடும். ஒப்சிக்ஸுக்கு அடாப்டர் கட்டாயம். டிஎக்ஸ்7 பதினான்கு கிலோ. பொகவந்தலாவை பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது. ஜப்பானிலிருந்து வரும் பாவித்த டிஎக்ஸ்7 பெரும்பாலும் 100 வோல்ட்டுக்கு உரியது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அத்தோடு சரி, மின்மாற்றி அவசியம். உள்ளே நினைவகத்தைக் காக்கும் பேட்டரி பற்றாசு வைத்து ஒட்டப்பட்டது. அது தீர்ந்தால் சேமித்த 32 ஒலிகளும் போய்விடும். வாங்கியவுடன் அதை மாற்றி, ஒலிகளை மிடி வழியாகக் கணினியில் எடுத்துவையுங்கள்.

மேடையில் மூச்சால் வாசிக்க விரும்புபவரும், நல்ல நிலையில் ஒன்றைக் கண்டெடுத்தவரும் டிஎக்ஸ்7ஐ வாங்கட்டும். வீட்டில் நிலையான மின்சாரமும் பணமும் உள்ளவருக்கு ஒப்சிக்ஸ். லயத்து அறையில் இரவில் மெல்லிய சத்தத்தில் கற்று, மறுநாள் பையில் போட்டுக்கொண்டு ஒத்திகைக்குப் போகிறவருக்கு நான் ரீஃபேஸ் டிஎக்ஸையே சொல்வேன். என் முதல் தெரிவும் அதுவே. டிஎக்ஸ்7இன் ஆயிரக்கணக்கான ஒலிகளை அதில் ஏற்ற முடியாது என்பது உண்மை. ஆனால் அந்த ஆயிரத்தில் நம் தப்பு இல்லை.

வாங்குபவர் முதல் நாளே தப்பிலிருந்து தொடங்கலாம். நான்கு ஒப்பரேட்டர்களும் கேரியராக நிற்கும் அல்கோரிதத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் ஒப்பரேட்டர் 1.00, இரண்டாவது 1.59, மூன்றாவது 2.14. அளவுகள் மேலே போகப் போகக் குறையட்டும், தணிவு விரைவாகட்டும். நான்காவதை விகிதத்திலிருந்து விடுவித்து 2,000 ஹேர்ட்ஸுக்கு அருகில் நிலைநிறுத்தி, பின்னூட்டத்தைப் பாதிக்கு மேல் ஏற்றி, கண்ணிமைக்கும் நேரத்தில் அடங்கும்படி வையுங்கள். முதல் மூன்றின் சுரத்தைத் தாழ்ந்த கட்டைகளில் தேடுங்கள். தோல் காயாததுபோல் கேட்டால் இரண்டு கட்டை மேலே போய் மறுபடி அடித்துப் பாருங்கள்.