முற்றுரிமையா, சில்லோர் முற்றுரிமையா: கரண்ட் பில்லும் ரீசார்ஜும்

2024 ஜூலையில் எங்கள் வீட்டில் இரண்டு செலவு சேர்ந்தே ஏறியது. மின்கட்டணம் 4.83 சதவீதம் கூடியது. செல்போன் ரீசார்ஜ் அதைவிடப் பல மடங்கு. நம்பரை வைத்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விடலாம் என்று 28 நாள் பிளான்களைத் தாளில் எழுதிப் பார்த்தேன். ஜியோவில் 239 ரூபாய் 299 ஆகியிருந்தது. ஏர்டெல்லில் 265, அதுவும் 299 ஆகியிருந்தது. வோடபோன் ஐடியாவில் 269, அதுவும் 299. ஜியோவில் தினமும் அரை ஜிபி கூடுதல். மற்றபடி விலையில் தேர்வு செய்ய எதுவும் இல்லை. இருந்த இடத்திலேயே இருந்துவிட்டேன்.

அன்றாடம் தேவைப்படும் சேவையில், விலையை ஒழுங்குமுறை ஆணையம் கட்டுப்படுத்தும் முற்றுரிமையே சில்லோர் முற்றுரிமையைவிட மேல் என்பது என் கட்சி.

பாடப்புத்தக வேறுபாடுகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஒருவரே விற்றால் முற்றுரிமை, விரல்விட்டு எண்ணும் சிலர் விற்றால் சில்லோர் முற்றுரிமை. இரண்டிலும் புதிதாக ஒருவர் நுழைவது பெரும்பாடு. மின்சாரத்தில் கம்பமும் கம்பியும், செல்போனில் அலைக்கற்றை ஏலமும் டவரும்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: விலையை ஏற்றுவதற்கு முன் விற்பவர் யாரிடம் கணக்குக் காட்ட வேண்டும்?

தமிழ்நாட்டு மின்வாரியம் தானாக ஏற்ற முடியாது. 2003 மின்சாரச் சட்டப்படி ஒழுங்குமுறை ஆணையத்திடம் வரவு செலவோடு மனு போட வேண்டும். அதைப் பொதுமக்கள் பார்க்கலாம், ஆட்சேபிக்கலாம். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தன. அதன் பிறகும் கட்டணம் ஏறத்தான் செய்தது, மறுக்கவில்லை. ஆனால் ஆணையம் போட்ட கட்டண உத்தரவிலேயே ஒரு கடிவாளம் இருந்தது: ஆண்டு உயர்வு விலைவாசி ஏற்ற விகிதம் அல்லது 6 சதவீதம், எது குறைவோ அதுதான். 4.83 அந்தக் கணக்கில் வந்த எண். பிடிக்காவிட்டாலும் எங்கிருந்து வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடிகிறது.

செல்போன் கட்டணத்தைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் கம்பெனிகளிடமே விட்டிருக்கிறது. அமல்படுத்திவிட்டு 7 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் போதும். 2024 ஜூன் 27 அன்று ஜியோ அறிவித்தது. மறுநாளே மற்ற இருவரும் அறிவித்துவிட்டார்கள். கூடிப் பேசி முடிவெடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. தனியாரில் விற்பவர் மூவர்தான் என்னும்போது பேச வேண்டிய அவசியமே இல்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பேசி வைத்து விலை ஏற்றினால் 2002 போட்டிச் சட்டம் பாயும். 2012-ல் 11 சிமெண்ட் கம்பெனிகளுக்கு 6,000 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது இந்தியப் போட்டி ஆணையம். வெறுமனே பார்த்துப் பின்தொடர்ந்தால் அந்தச் சட்டத்துக்குப் பிடி கிடைப்பதில்லை. எனக்கு உறுத்துவது இந்த இடைவெளிதான்.

பொருளியலாளர் பால் ஸ்வீசி 1939-ல் சொன்ன, நடுவில் முறியும் தேவைக்கோட்டை (எந்த விலைக்கு எவ்வளவு விற்கும் என்று காட்டும் கோடு) இந்தப் பாடத்தில் தவறாமல் நடத்துவார்கள். ஒருவர் விலையைக் குறைத்தால் மற்றவரும் குறைப்பார், ஏற்றினால் மற்றவர் ஏற்றமாட்டார் என்பது அதன் அடிப்படை. 2019 டிசம்பர், 2021 நவம்பர், 2024 ஜூலை மூன்றிலும் ஒருவர் ஏற்ற மற்றவர்கள் ஏற்றினார்கள். நம் ரீசார்ஜுக்குப் பொருந்துவது, ஒருவர் முன்னால் போக மற்றவர் பின்தொடரும் விலைத் தலைமைதான்.

சில்லோர் முற்றுரிமைக்குச் சேர வேண்டிய பெருமையும் உண்டு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது டேட்டா விலை சரிந்த வேகத்தை எந்த ஆணையத்தின் உத்தரவும் கொண்டுவந்திருக்காது. தொலைபேசி அரசின் கையில் மட்டும் இருந்த காலத்தில் இணைப்புக்கே வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆனால் அந்த விலைப்போர் தாங்காமல் சின்னவர்கள் கரைந்தார்கள். தமிழ்நாட்டில் வேரூன்றியிருந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் மனு போட்டது. அதே ஆண்டு வோடபோனும் ஐடியாவும் இணைந்தன. தனியாரில் மூவர் மிஞ்சிய பிறகு விலை ஏறுமுகம்தான். 2024 ஜூலையில் விலையை ஏற்றாத ஒரே நிறுவனம் அரசின் பிஎஸ்என்எல். 4ஜி பரவலாக இல்லாதபோதும் பலர் அதற்கு மாறினார்கள்.

நான் அனுபவித்துப் பார்த்தது அரசு முற்றுரிமையை மட்டும்தான். ஆணையம் பெயரளவுக்கு இருக்கும் தனியார் முற்றுரிமைக்கு இந்த வாதம் நிற்குமா என்பதில் எனக்கே தயக்கம் உண்டு. டிரான்ஸ்பார்மர் வெடித்த இரவில் வேறு கம்பெனிக்குப் போக முடியாது என்பதும் நிஜம். தனியார் விற்பவர் எண்ணிக்கை நான்குக்குக் கீழே போன தொலைத்தொடர்பு வட்டங்களில் (செல்போன் சேவைக்காகப் பிரித்த பகுதிகளில்), ரீசார்ஜ் விலை ஏறும் முன்னும் ட்ராய் ஒரு கேட்புக் கூட்டம் வைத்தால் நான் கட்சி மாறத் தயார்.