மில் மோட்டாருக்கு ஹைபிரிட் செராமிக் பேரிங்: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

ஹைபிரிட் செராமிக் பேரிங் என்றால் ரிங் எஃகு, உள்ளே சுற்றும் குண்டு மட்டும் செராமிக். விஎஃப்டியில், அதாவது மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் எலக்ட்ரானிக் டிரைவில், ஓடுகிற மோட்டார் என்றால் தகும். டிரைவ் இல்லாமல் நேரடி லைனில் ஓடுகிற மோட்டார், கன்வேயர் ரோலர், சாதாரண பிளம்மர் பிளாக் (ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங் கூடு) என்றால் தகாது. அவசரக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏன், எதைப் பார்த்து வாங்குவது, எப்படி மாட்டுவது என்று கேட்பவர்கள் தொடருங்கள், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நான் பராமரிப்பு பார்ப்பது கோயம்புத்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில். ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் (மில்லுக்குள் ஈரப்பதத்தைக் காக்கும் பகுதி) சப்ளை ஃபேன்களுக்கு 15 கிலோவாட் மோட்டார், 160 ஃபிரேம், இரண்டு பக்கமும் 6309 சி3 பேரிங் (6309 என்பது சைஸ், சி3 என்பது உள் இடைவெளி). டிரைவ் இல்லாமல் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ஓடிய காலத்தில் இந்த மோட்டார்களைப் பற்றி யாரும் பேசியதே இல்லை. அப்புறம் கரண்ட் பில்லைக் குறைக்க டிரைவ் போட்டார்கள். ஃபேன் வேகத்தை 80 சதவீதமாக்கினாலே எடுக்கும் மின்சாரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும், அதனால் பில் குறைந்தது உண்மைதான், ஆனால் பேரிங் சத்தம் வர ஆரம்பித்தது. மாற்றினால் கொஞ்ச காலம் சும்மா இருக்கும், மறுபடி உறுமும். கிரீஸ் சரியில்லை என்றார் ஒருவர், இம்பெல்லர் (ஃபேனின் சுழல் சக்கரம்) பேலன்ஸ் போய்விட்டது என்றார் இன்னொருவர், பேரிங்கே டூப்ளிகேட் என்றார் மூன்றாமவர்.

கழற்றிய பேரிங்கைக் குப்பையில் போடாமல் கட்டிங் வீலில் அறுத்துப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. பால் (உள்ளே சுற்றும் குண்டு) ஓடும் பாதை முழுக்க, குறுக்கே, ஒரே சீரான இடைவெளியில் வரிவரியாகக் கோடுகள், நெளித் தகரம் மாதிரி. கிரீஸ் கருகிக் கறுப்பாகியிருந்தது. இதுதான் ஃப்ளூட்டிங். பேரிங் வழியாகக் கரண்ட் பாய்ந்த அடையாளம்.

நடப்பது இதுதான். டிரைவ் கொடுப்பது சுத்தமான சைன் அலை இல்லை, நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டிவெட்டி அனுப்பும் பல்ஸ். அதனால் மூன்று ஃபேஸையும் கூட்டினால் பூஜ்யம் வராது. மிஞ்சி நிற்கிற வோல்டேஜ் ஸ்டேட்டரிலிருந்து ரோட்டருக்குக் கெப்பாசிட்டர் போலத் தாவி ஷாஃப்ட்டில் ஏறி உட்காரும். ஓடுகிற பேரிங்கில் பாலுக்கும் பாதைக்கும் நடுவே இருப்பது மிக மெல்லிய எண்ணெய்ப் படலம். வோல்டேஜ் அதை உடைத்துக்கொண்டு பொறியாகப் பாயும், பாய்ந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு எஃகு உருகிக் குழி விழும். முதலில் பாதை பளபளப்பு போய்ச் சாம்பல் நிறத்தில் மங்கும். சத்தம் கேட்கிற அளவுக்கு வரும்போது கோடுகள் விழுந்து முடிந்திருக்கும். ஒன்று கவனியுங்கள்: பால்களுக்கு இடையே உள்ள அதே இடைவெளியில் தடம் இருந்தால் அது கரண்ட் இல்லை. ஓடாமல் ஸ்டாண்ட்பையில் நின்ற மோட்டார் பக்கத்து மெஷினின் அதிர்வை வாங்கியதால் வந்த தேய்மானம்.

இனி பொருளுக்கு வருவோம். ஹைபிரிட் என்றால் இன்னர், அவுட்டர் ரிங் இரண்டும் வழக்கமான பேரிங் எஃகு, பால் மட்டும் சிலிக்கான் நைட்ரைடு. கரும்சாம்பல் நிறம், கையில் எடுத்தால் எடையே தெரியாது. எஃகின் அடர்த்தி 7.8 என்றால் இதற்கு 3.2 சுமார். கடினம் எஃகைப் போல இரண்டு மடங்கு. சூட்டில் விரிவது எஃகில் கால் பங்குதான். எல்லாவற்றையும் விட நமக்கு வேண்டியது, இது மின்சாரம் கடத்தாது. ஷாஃப்ட்டில் வோல்டேஜ் இருந்தாலும் பால் வழியாகப் பாய வழியில்லை. பரிசோதனைச் சாலைப் பொருளோ என்று பயப்படவும் வேண்டாம், அமெரிக்க விண்வெளி ஓடத்தின் எஞ்சினில் ஆக்சிஜன் பம்ப்புக்குள் 1995-லேயே இந்தப் பால்கள் சுற்றிவிட்டன.

விற்பவர்கள் அடுக்குகிற மற்ற பெருமைகளில் பாதியை நான் கண்டுகொள்வதில்லை. அதிவேகம் தாங்கும் என்பார்கள், உண்மைதான், சிஎன்சி ஸ்பிண்டிலுக்கு அது உயிர்நாடி. 1,440 ஆர்பிஎம்மில் சுற்றுகிற என் ஃபேன் மோட்டாருக்கு அதனால் ஒரு பைசா லாபமில்லை. துருப் பிடிக்காது என்று ஒரு விற்பனைக்காரர் முகத்துக்கு நேராகச் சொன்னார். ரிங் எஃகுதானே அய்யா, ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட் ஈரத்தில் கிரீஸ் போனால் அதுவும் துருதான் பிடிக்கும். கிரீஸ் ஆயுள் கூடும் என்பது மட்டும் நியாயமான பேச்சு. எஃகும் எஃகும் உரசி ஒட்டிப் பிய்வது இல்லை, சூடும் குறைவு. ஸ்டாண்ட்பையில் நிற்கிற மோட்டாரில் அதிர்வுத் தேய்மானம் குறைவாக இருப்பதற்கும் இதே காரணம்தான், அந்த இடத்துக்கும் ஹைபிரிட் கைகொடுக்கும்.

வாங்கும்போது முதலில் பாலின் நிறத்தைப் பாருங்கள். ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் 'செராமிக் ஹைபிரிட் 6309' என்று மலிவாகக் கிடைத்ததை ஸ்டோர்ஸில் வாங்கி வைத்திருந்தார்கள், பிரித்தால் வெள்ளைப் பால். வெள்ளை என்றால் ஸிர்கோனியாவாகவோ அலுமினாவாகவோ இருக்கும். ஸிர்கோனியாவும் கரண்டைத் தடுக்கும், ஆனால் எடை அதிகம், ஈரமும் சூடும் சேர்ந்த இடத்தில் நாளாக ஆக உள்ளுக்குள்ளேயே பலம் இழக்கும். அலுமினா பால் மோட்டார் சுமைக்கு ஆகாது. தொழிற்சாலை மோட்டாருக்குச் சிலிக்கான் நைட்ரைடு, அதிலும் பேரிங் தரத்தில் செய்தது, வேறு பேச்சே வேண்டாம். பேரிங் பாலுக்கான சிலிக்கான் நைட்ரைடுக்கு ஐஎஸ்ஓ 26602 என்று தனியாகத் தரமே இருக்கிறது, கோட்டேஷனில் அதைக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் எதை விற்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

எஸ்கேஎஃப் பேரிங்கில் நம்பருக்குப் பின்னால் 'எச்சி5' என்று இருந்தால் சிலிக்கான் நைட்ரைடு பால் என்று அர்த்தம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு குறியீடு உண்டு, கேட்லாக்கில் பார்த்துவிடலாம். உள் இடைவெளி பழைய பேரிங்கில் என்ன இருந்ததோ அதுவே, எங்களுக்கு சி3. விலை உயர்ந்த சாமான் என்பதால் போலியும் உண்டு. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் பில் போட்டு வாங்குங்கள். எஸ்கேஎஃப்புக்கு ஆதென்டிகேட் என்றும் ஷேஃப்லருக்கு ஒரிஜின்செக் என்றும் செயலிகள் இருக்கின்றன, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே சோதித்துவிடலாம்.

சுமைக் கணக்கில் ஒரு நுணுக்கம். சிலிக்கான் நைட்ரைடு எஃகை விட விறைப்பு, சுமையில் தட்டையாகாது, அதனால் பால் பாதையைத் தொடுகிற பரப்பு சின்னது, அந்த இடத்தில் அழுத்தம் அதிகம். நிலைச் சுமை (சுற்றாமல் நிற்கும்போது தாங்கும் சுமை) அளவை எஃகுப் பேரிங்கின் கேட்லாக்கிலிருந்து அப்படியே எடுக்கக் கூடாது. ஹைபிரிட்டுக்கென்றே 2017-இல் ஐஎஸ்ஓ 20056 வந்தது, முதல் பாகம் ஓடும்போது தாங்கும் சுமைக்கு, இரண்டாம் பாகம் நிலைச் சுமைக்கு. ஃபேன் மோட்டாருக்கு இதெல்லாம் பிரச்சினையே ஆகாது. அடி விழுகிற கிரஷர், பிரஸ் பக்கம் கொண்டுபோவதாக இருந்தால் யோசிக்க வேண்டும்.

முழுச் செராமிக் பேரிங் பற்றியும் கேட்கிறார்கள், ரிங் பால் எல்லாமே செராமிக். ஆசிட் தொட்டி, மின்முலாம் பூசும் இடம், காந்தமே ஆகாத மருத்துவக் கருவி, அங்கெல்லாம் சரி. மோட்டாரில் அதற்கு வேலையில்லை. எஃகு ஷாஃப்ட்டில் இறுக்கமாக ஏற்றினால், சூடேறும்போது ஷாஃப்ட் விரியும், செராமிக் இன்னர் அதே அளவு விரியாது, பட்டென்று விரிசல் விடும்.

மாட்டும் வேலைக்கு வருவோம், நல்ல பேரிங் நாசமாவது இங்கேதான். செராமிக் பால் உடைந்துவிடும் என்று பயந்து ஃபிட்டர்கள் அதைக் கண்ணாடிச் சாமான் போலத் தூக்குவார்கள், அதே ஆள் மாட்டும்போது சுத்தியலை எடுப்பார்! பால் லேசில் உடையாது, அதுதான் ஆபத்தே. எஃகுப் பாலாக இருந்தால் அடியில் பாலும் கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும். இது அமுங்காது, முழு அடியும் எஃகுப் பாதையில் இறங்கிக் குழி விழும். குழி விழுந்த பேரிங் முதல் நாளிலிருந்தே சத்தம் போடும், உடனே 'செராமிக் எல்லாம் சும்மா' என்று பேச்சு கிளம்பும். இன்டக்ஷன் ஹீட்டரில் வையுங்கள், ரிங் எஃகு என்பதால் வழக்கம்போலவே சூடேறும். திறந்த பேரிங்குக்கு 110 டிகிரி போதும், சீல் போட்டது என்றால் 80-ஐத் தாண்ட வேண்டாம். கேஸ் டார்ச்சை அந்தப் பக்கமே காட்டாதீர்கள். ஹீட்டர் இல்லாவிட்டால் பிரஸ்ஸில், இன்னரில் மட்டும் உட்காருகிற ஸ்லீவ் வைத்து அழுத்துங்கள். ஷாஃப்ட்டில் இறுக்கமாக ஏறுவது இன்னர், அவுட்டரைத் தள்ளி ஏற்றினால் முழு விசையும் பால் வழியாகப் போகும். ஏற்றும் முன் ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டரில் அளப்பது நல்லது. பலமுறை பேரிங் மாற்றிய பழைய மோட்டாரில் அது தேய்ந்து இன்னர் சுற்ற ஆரம்பித்திருக்கும், அங்கே எவ்வளவு விலை பேரிங் போட்டாலும் காசு தண்டம்.

பாக்கெட்டை ஏற்றுவதற்குச் சற்று முன்பு மட்டும் பிரியுங்கள். பஞ்சு பறக்கிற மில்லில் திறந்த பேரிங்கை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் வந்து பார்க்கும்போது அது பேரிங்காக இருக்காது. உள்ளே இருக்கும் துருக் காப்பு எண்ணெயை மண்ணெண்ணெயில் அலசும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கிரீஸ் கலப்பு இன்னொரு தொல்லை. சீல் போட்ட ஹைபிரிட்களில் பெரும்பாலும் பாலியூரியா கிரீஸ் இருக்கும், அதில் மறு கிரீஸ் வேலையே கிடையாது. திறந்த வகை வாங்கி நிப்பிள் வழியாகக் கிரீஸ் போடுவதாக இருந்தால் ஒரே வகையில் நில்லுங்கள். பாலியூரியாவும் லித்தியமும் பல சமயம் ஒத்துப்போகாது, இளகி ஒழுகிவிடும்.

சரி, ஹைபிரிட் போட்டால் பிரச்சினை தீர்ந்ததா? மோட்டாருக்குத் தீர்ந்தது. ஷாஃப்ட்டில் ஏறிய வோல்டேஜ் எங்கும் போய்விடவில்லை, மோட்டாரின் இரண்டு பக்கமும் அடைத்துவிட்டால் அது கப்ளிங் வழியாக கியர்பாக்ஸ், பம்ப், என்கோடர் (வேகம் அளக்கும் கருவி) என்று எந்தப் பேரிங் வழிவிடுகிறதோ அதைத் தேடிப் போகும். எங்கள் ஃபேனில் இம்பெல்லர் நேராக மோட்டார் ஷாஃப்ட்டிலேயே இருப்பதால் தப்பித்தோம். கப்ளிங் போட்டு வேறு மெஷினை ஓட்டுபவர்கள் ஷாஃப்ட் கிரவுண்டிங் ரிங்கும் (ஷாஃப்ட் வோல்டேஜை எர்த்துக்கு இறக்கும் வளையம்) சேர்த்தே போடுங்கள். காசு செலவில்லாத வேலைகளை அதற்கும் முன்னால் செய்துவிடலாம். மோட்டார் சத்தம் பிடிக்கவில்லை என்று யாரோ டிரைவின் கேரியர் ஃப்ரீக்வென்சியை (நொடிக்கு எத்தனை பல்ஸ் என்ற அளவை) ஏற்றி வைத்திருப்பார்கள், அதை இறக்கினால் பொறி பாயும் எண்ணிக்கை குறையும். மோட்டாருக்கும் டிரைவுக்கும் நடுவே சாதாரண கேபிள் ஓடுகிறதா, ஷீல்டு கேபிளா, அதன் ஷீல்டு இரண்டு முனையிலும் எர்த் ஆகியிருக்கிறதா, இதையும் பாருங்கள். ஷாஃப்ட் வோல்டேஜை அளக்க ஆசிலாஸ்கோப்பும் பிரஷ் புரோபும் வேண்டும், சாதாரண மல்டிமீட்டர் காட்டுகிற எண்ணை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பெரிய மோட்டார், நூறு கிலோவாட்டுக்கு மேல் என்றால் கதை கொஞ்சம் மாறும். அங்கே ஷாஃப்ட், இரண்டு பேரிங், பாடி என்று வட்டமாகவே கரண்ட் சுற்றும். பின்பக்கம் மட்டும் காப்பிட்ட பேரிங் போட்டால் அந்த வட்டம் அறுந்துவிடும். அதற்கு அவுட்டரில் அலுமினா பூச்சு போட்ட பேரிங்குகளைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். பெரிய சைஸில் ஹைபிரிட் விலைக்குப் பூச்சுப் பேரிங் எவ்வளவோ மேல். சின்ன சைஸில் எனக்கு ஹைபிரிட்தான் பிடித்திருக்கிறது. பூச்சே ஒரு கெப்பாசிட்டர் மாதிரி வேலை செய்து அதிவேக பல்ஸில் கொஞ்சத்தை உள்ளே விட்டுவிடும், முழுப் பாலும் காப்பாக இருக்கிற ஹைபிரிட்டில் அந்தக் கசிவு மிகக் குறைவு.

குறை என்று பார்த்தால் விலைதான், சாதாரண 6309-ஐப் போலப் பல மடங்கு. கடையில் கையிருப்பு இருக்காது, ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். ஆனால் ஒரு சப்ளை ஃபேன் நின்றால் டிபார்ட்மென்ட்டில் ஈரப்பதம் இறங்கி ரிங் ஃபிரேமில் (நூல் நூற்கும் மெஷின்) நூல் அறுவது கூடும், அந்த நஷ்டத்தைக் கணக்குப் போட்டால் மேனேஜர் கையெழுத்துப் போடத் தயங்கவில்லை. போட்ட மோட்டார்கள் சத்தமில்லாமல் ஓடுகின்றன. அடுத்து டிரைவில் ஓடும் ரிங் ஃபிரேம் மெயின் மோட்டார்களுக்குக் கேட்டிருக்கிறேன்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மார்க் குறைத்தது பெட்டிக்காக. எஃகுப் பேரிங் பெட்டியும் இதுவும் பார்க்க ஒரே மாதிரி, பின்னால் இருக்கும் குறியீட்டைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும். நைட் ஷிஃப்ட்டில் அவசரத்துக்கு ஸ்டோர்ஸில் 6309 கேட்டு வருகிறவர் அதைப் படிக்கப் போவதில்லை, எடுத்துக்கொண்டு போய் ஏதாவது வேஸ்ட் பஞ்சு உறிஞ்சும் ஃபேன் மோட்டாரில் மாட்டிவிடுவார். அதனால் எங்கள் ஹைபிரிட் எல்லாம் இப்போது எலக்ட்ரிக்கல் ரூம் பீரோவில், சாவி ஷிஃப்ட் எலக்ட்ரீஷியனிடம்.