சிறு காளான்களை இனங்காண ஒரு மாணவர் நுண்ணோக்கி: மதிப்புரை

ஏறத்தாழ ஒரே அமைப்பில் பல கடைகளின் முத்திரையோடு விற்கப்படும் இருகண் மாணவர் நுண்ணோக்கிகளுள் ஒன்றைக் காட்டுக் காளான்களைப் பார்ப்பதற்கென்றே வைத்திருக்கிறேன். ஆதலால் வேறு வேலைகளுக்கு அது எப்படி என்பதை இங்கே சொல்லப் போவதில்லை.

இதைச் சோதிக்க ஐரோப்பியக் காடுகளின் இரண்டு பழுப்புக் காளான்களே போதும். மட்கும் அடிமரங்களில் முளைக்கும் கலெரினா மார்ஜினேட்டா, கல்லீரலை அழிக்கும் அமாடாக்சின் கொண்டது. அதே போன்ற மரத்தில் கொத்தாக முளைக்கும் குயெனெரோமைசெஸ் மியூட்டாபிலிஸோ உண்ணத்தக்கது. முன்னதன் ஸ்போர்களின் (காளான் வித்துகளின்) மேற்பரப்பு சொரசொரப்பானது. பின்னதன் ஸ்போர்கள் வழவழப்பானவை, நுனியில் முளைத்துளையும் உண்டு. 40 மடங்கு லென்ஸில் சொரசொரப்பு இருப்பதாகச் சந்தேகம் மட்டுமே எழும். எண்ணெய் இட்டு 100 மடங்கு லென்ஸுக்கு மாறி, ஒளித்துளையைச் சற்றே குறுக்கினால், ஸ்போரின் ஓரத்தில் சிறு புடைப்புகளும், ஸ்போரைத் தாங்கிய நுண்காம்பு ஒட்டியிருந்த பக்கத்தில் அவை இல்லாத வழவழப்பான திட்டும் தெளிவாகப் பிரிந்து தெரிகின்றன. 1.25 எண்துளை (ஒளியைத் திரட்டும் திறனின் அளவு) உள்ள லென்ஸால் கால் மைக்ரான் அளவைத்தான் பிரித்துக் காட்ட முடியும் என்பதை நினைத்தால், இந்த விலைக்கு இது பாராட்டத்தக்கது. செவுளின் (குடையின் அடியிலுள்ள தகட்டின்) பக்கப்பரப்பில், இவ்விரண்டில் கலெரினாவுக்கு மட்டுமே உள்ள, நீண்ட கழுத்துக் குடுவை போன்ற சிஸ்டிடியா எனும் செல்களைக் காண, அம்மோனியாவில் கரைத்த காங்கோ சிவப்புச் சாயமும் 40 மடங்கு லென்ஸுமே போதும்.

குறை விளக்கில் இருக்கிறது. மைசீனா காளான்கள் பலவற்றின் ஸ்போர்கள், அயோடின் கலந்த மெல்சர் கரைசலில் சாம்பல் நீலமாக மாறும். அந்த மாற்றம் மங்கலாக இருக்கையில், நீலம் தூக்கலான இந்த எல்இடி வெளிச்சத்தில் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. ஸ்போர் இல்லாத வெற்றுப் பகுதியின் நிறத்தோடு ஒப்பிட்டே முடிவு செய்கிறேன்.

கண்ணருகு லென்ஸில் அளவுகோல் இருந்தும், அதைச் சரிபார்க்க வேண்டிய ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் (நுண்ணிய அளவுக்கோடுகள் பொறித்த கண்ணாடித் தகடு) பெட்டியில் இல்லை. ஸ்போரின் நீளத்தில் ஒரு மைக்ரான் பிசகினாலே வேறோர் இனத்தில் போய் நிற்கக்கூடிய இத்துறையில், அதைத் தனியே வாங்க விடுவது நியாயமாகப் படவில்லை. போதாக்குறைக்கு, உடன் தரும் கேமரா கண்ணில் தெரியும் புடைப்புகளைப் படத்தில் மழுக்கிவிடுகிறது. கேமரா இல்லாத தொகுப்பை வாங்கி, மிச்சமாகும் பணத்தை மைக்ரோமீட்டருக்கும் நல்ல இம்மெர்ஷன் எண்ணெய்க்கும் செலவிடலாம்.