எலக்ட்ரோலிட்டிக்கா, ஃபிலிமா: ஆம்ப்ளிஃபயரில் எந்தக் கெப்பாசிட்டர் நீடிக்கும்?

பழைய ஆம்ப்ளிஃபயரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் கேட்டால், நான் முதலில் பார்ப்பது பவர் சப்ளையில் நிற்கும், மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களைத்தான். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் திரவம் சூட்டில் ரப்பர் அடைப்பு வழியே மெல்ல மெல்ல வெளியேறும். கொள்ளளவு குறையும், உள்மின்தடை ஏறும், 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஸ்பீக்கர் வரை வந்துவிடும்.

பல கெப்பாசிட்டர்களுக்கு 105 டிகிரி செல்சியஸில் 2,000 மணி நேரம் என்றுதான் ஆயுள் குறித்திருப்பார்கள். பயப்பட வேண்டாம். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுக்கணக்கு. 65 டிகிரியில் அது 32,000 மணி நேரம் ஆகிறது. தினம் 4 மணி நேரம் பாட்டுக் கேட்டால் சுமார் 22 ஆண்டு. அதனால்தான் ஹீட்சிங்கை (சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) ஒட்டிக் கெப்பாசிட்டரை வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது.

மெல்லிய பிளாஸ்டிக் தாளால் ஆன பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் கெப்பாசிட்டரில் உலர்ந்துபோக எதுவும் இல்லை. உலோகப் பூச்சுள்ள வகையில் ஓரிடம் பழுதானாலும், அங்குள்ள பூச்சு ஆவியாகிப் பழுது தானாகவே விலகிவிடும். சரி, எல்லா இடத்திலும் ஃபிலிமே போடலாமே? பவர் சப்ளையில் வரும் 10,000 மைக்ரோஃபாரட் (கொள்ளளவின் அலகு) போன்ற அளவுக்கு ஃபிலிம் என்றால் பெட்டியில் இடமும் போதாது, விலையும் கட்டாது.

என் தேர்வு: சில மைக்ரோஃபாரட் போதுமான சிக்னல் பாதையிலும் ஸ்பீக்கர் கிராஸ்ஓவரிலும் (ஒலியை அதிர்வெண் வாரியாக ஸ்பீக்கர்களுக்குப் பிரித்தனுப்பும் சுற்று) ஃபிலிம். பவர் சப்ளைக்கு 105 டிகிரி எலக்ட்ரோலிட்டிக், சூடான பாகங்களிலிருந்து தள்ளி. மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தேங்கிய மின்னூட்டத்தை ஒரு ரெசிஸ்டர் வழியே வடித்துவிடுங்கள்.