ஜான்–டேனரிஸா, ஜேமி–பிரியெனா?

2019 ஏப்ரல், மே மாதங்களில் திங்கட்கிழமை ஆனால் ஓசூரில் எங்கள் ரூமில் நாலு பேரும் காலை ஆறரைக்கே போனைச் சுவரில் சாய்த்து வைத்து கேம் ஆஃப் த்ரோன்ஸ் என்கிற ஆங்கில டிவி தொடரின் கடைசி சீசனைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு ஓடுவோம். அதில் எந்த ஜோடி பிடிக்கும் என்பதில் ரூமே இரண்டு கட்சி. பென்னாகரத்துக்காரி ஜான்–டேனரிஸ், நான் ஜேமி–பிரியென். இந்த வருஷம் மறுபடி பார்க்க ஆசை வந்தது, 73 எபிசோடுக்கு நேரமில்லை, ஒரு ஜோடியின் கதையை மட்டும் பிடித்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். ஜேமி–பிரியென்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஜானும் டேனரிஸும் பார்க்க அழகு, ஆறு சீசன் சந்திக்காமலே இருந்து ஏற்றிவிட்ட எதிர்பார்ப்பு வேறு. ஆனால் ஏழாவது சீசனின் மூன்றாவது எபிசோடில் முதன்முதலாகப் பார்த்துக்கொள்கிறவர்கள் அதே சீசன் முடிவதற்குள் கப்பலில் சேர்ந்துவிடுகிறார்கள். அவன் அவளுடைய அண்ணன் மகன் என்று நமக்கு உறுதியாவதும் அதே நேரத்தில்தான். பென்னாகரத்துக்காரி நிமிர்ந்து உட்கார்ந்து, “அத்தை மகளைக் கட்டலாம், தாய்மாமனைக் கட்டலாம், அத்தையையே எப்படிடி?” என்றாள். அப்போதும் கட்சி மாறவில்லை, அந்த அளவுக்கு அவளை அந்த ஜோடி பிடித்து வைத்திருந்தது.

நான் பார்த்தது ஒன்றைத்தான்: முடிவு தெரிந்த பிறகும் பழைய காட்சி நிற்கிறதா? கட்டிப்பிடித்தபடியே ஜான் அவளைக் குத்தப் போகிறான் என்று தெரிந்துவிட்டால் அந்தக் கப்பல் காட்சியில் மனசு ஒட்டவே மாட்டேன் என்கிறது. அடுத்து என்ன ஆகும் என்கிற தவிப்பில்தான் அது அன்றைக்கு ஓடியிருக்கிறது. ஜேமி–பிரியென் அப்படி இல்லை. மூன்றாவது சீசனில் வலது கை வெட்டுப்பட்ட ஜேமி வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்து, ஊரையே எரிக்கச் சொன்ன ராஜாவை ஏன் கொன்றேன் என்று அவளிடம் சொல்கிறான். சொல்லி முடித்து மயங்கிச் சரியும்போது அவள் ‘ராஜாவைக் கொன்றவன்’ என்கிற பட்டப்பேரைச் சொல்லித்தான் ஆள் கூப்பிடுகிறாள், அவன் அந்த நிலையிலும் என் பேர் ஜேமி என்கிறான். கடைசி சீசனில் இடது கையால் வாளெடுத்து அவளுக்கு ‘நைட்’ என்கிற வீரப் பட்டம் கொடுப்பான் என்று தெரிந்துகொண்டு பார்க்கும்போது, முதல் தடவை கவனிக்காமல் விட்ட அந்த ஒரு வார்த்தைக்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதிலும் வலி இருக்கிறது. குளிரில் அவளை அழவிட்டு அவன் தன் இரட்டைச் சகோதரியும் காதலியுமான செர்சியைத் தேடிப் போனதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவன் கடைசிவரை செர்சிக்காரன்தான் என்பவர்கள் உண்டு, கதாபாத்திரத்தையே கெடுத்துவிட்டார்கள் என்று கொதித்தவர்களும் உண்டு. அந்த சீசனைத் திரும்ப எடுக்கச் சொன்ன மனுவில் 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது. நான் நாவல்களைப் படித்ததில்லை, திரையில் பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன், அவர்களுக்குள் இருந்தது காதலா மரியாதையா என்று இன்றைக்கும் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் கடைசி எபிசோடில் பிரியென் ராஜாவின் காவல் வீரர்களின் வரலாற்றுப் புத்தகத்தில் அவன் பக்கத்தை எழுதி முடித்து மூடுகிறாளே, அதற்கு ஈடாக ஜான்–டேனரிஸ் கதையில் எதையும் காட்ட முடியாது.

போன வாரம் பென்னாகரத்துக்காரிக்குப் போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். அரை மணி நேரம் சண்டை. அப்புறம், “சரி, அந்தத் தொட்டி சீன் எத்தனாவது எபிசோடுடி?” என்றாள்.

மூணாவது சீசன், அஞ்சாவது.