ஆட்டோகாக்கரைப் பம்ப் ஆக்கினேன்: பல சீசன் ஆடிய பிறகு என் அனுபவம்

பெயின்ட்பால், காற்றழுத்தத் துப்பாக்கியால் சாயக் குண்டு சுட்டு எதிராளியை வெளியேற்றும் விளையாட்டு; அதில் ஒவ்வொரு குண்டையும் கைப்பிடியை இழுத்துத் தள்ளி ஏற்ற வேண்டியது பம்ப் துப்பாக்கி. அப்படி ஒன்றை டியூன் செய்திருக்கிறேன் என்றதும் பெயின்ட்பால் ஆடுபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு தூரம் போகும்?" என்பதுதான். தூரம் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றே. மைதானத்தில் வேகத்துக்கு வரம்பு உண்டு. திறந்தவெளியில் பெரும்பாலும் வினாடிக்கு 280 முதல் 300 அடி. 17 மில்லிமீட்டர் குறுக்களவும் சுமார் 3 கிராம் எடையும் உள்ள குண்டு அந்த வேகத்தில் கிளம்பினால் யாருடைய துப்பாக்கியிலும் ஒரே மாதிரிதான் பறக்கும். நான் இத்தனை நாள் உழைத்தது வேறொன்றுக்காக: நெடுநேரம் சும்மா இருந்துவிட்டுச் சுடும் முதல் குண்டு, குறி வைத்த இடத்துக்குப் போக வேண்டும்.

அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. முதல் குண்டு விலகினால் அடுத்த ஐந்தாறு குண்டு அதைச் சரிக்கட்டிவிடும். பம்ப்காரர் மரத்துக்குப் பின்னால் இரண்டு மூன்று நிமிடம் மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருப்பார். எதிராளி முகமூடியின் ஓரம் தெரியும்போது ஒன்று சுடுவார். அது தவறினால் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஒவ்வொரு மாற்றத்தையும் இந்த ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்த்தேன்: சும்மா இருந்த துப்பாக்கி சொன்ன பேச்சைக் கேட்கிறதா?

நான் ஆடுவது அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்துக் காட்டு மைதானங்களில். கையில் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆட்டோகாக்கர், டபிள்யூஜிபி நிறுவனத்தின் செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி. அதை உருவாக்கிய பட் ஓர் முதலில் செய்தது ஸ்னைப்பர் என்ற பம்ப் துப்பாக்கி. கையால் இழுக்கும் வேலையைக் காற்றே செய்யும்படி முன்னால் சில நியூமேட்டிக் பாகங்களைச் சேர்த்ததில் வந்ததுதான் ஆட்டோகாக்கர். ஆகவே இதைப் பம்ப் ஆக்குவது அதன் இயல்புக்கு விரோதமான வேலை இல்லை. இந்த விளையாட்டே ஒவ்வொரு குண்டையும் கையால் ஏற்றும் துப்பாக்கியில் தொடங்கியதுதான். 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயரின் ஹென்னிக்கரில் பன்னிரண்டு பேர் ஆடிய முதல் ஆட்டத்தில் பயன்பட்டது நெல்ஸ்பாட் 007; மரங்களுக்கும் மாடுகளுக்கும் அடையாளம் வைக்கச் செய்யப்பட்ட துப்பாக்கி. அன்று ஜெயித்தவர் ஒரு குண்டுகூடச் சுடாமல் ஜெயித்தார். பம்ப் ஆடுகிறவர்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும், எனக்கும்தான்.

மாற்றும் வேலை ஒரு மாலையில் முடிந்துவிடும். காற்றை முழுக்க வெளியேற்றி, சிலிண்டரைக் கழற்றி வைத்த பிறகுதான் எந்தத் திருகிலும் கை வைக்க வேண்டும். முன்பக்கம் உள்ள ராம் (துப்பாக்கியைத் தானே ஏற்றும் சிறு பிஸ்டன்), த்ரீ-வே (அதற்குக் காற்றைத் திருப்பிவிடும் வால்வு), குறைந்த அழுத்த ரெகுலேட்டர் (அந்தக் காற்றின் அழுத்தத்தைக் குறைப்பது) மூன்றும் வெளியே வரும். அவற்றுக்குக் காற்று கொண்டுபோகும் துளையுள்ள திருகை எடுத்துவிட்டு, துளையில்லாத திருகைப் போட வேண்டும். பம்ப் கிட்டில் இது இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் பம்ப் கைப்பிடி, அதைப் பின் பிளாக்கோடு (துப்பாக்கியின் பின்பக்கம் நகரும் கட்டை) இணைக்கும் கம்பி, அது ஆடாமல் இருக்க ஒரு வழிகாட்டிக் கம்பி. கைப்பிடியைப் பின்னால் இழுத்தால் பின் பிளாக் நகர்ந்து போல்ட் (குண்டைப் பேரலுக்குள் தள்ளும் உருளை) திறக்கும், ஹேமர் (வால்வை அடித்துத் திறக்கும் சுத்தி) பின்வாங்கிச் சியரில் (ட்ரிகர் விடுவிக்கும் கொக்கி) மாட்டும், ஒரு குண்டு கீழே விழும். முன்னால் தள்ளினால் போல்ட் குண்டைப் பேரலுக்குள் ஏற்றி மூடிக்கொள்ளும்.

புதிதாகப் போட்ட கிட் இழுக்கும்போது கரகரவென்றது. கம்பி நேராக இல்லாவிட்டால் எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் அது போகாது. அதனால் முதலில் கம்பியைக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்து நேராக்கினேன். பிறகு கம்பியையும் ஹேமரின் வெளிப்புறத்தையும் 2000 நம்பர் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, டவ் 33 கிரீஸை மெல்லிய படலமாகப் பூசினேன். இப்போது ஒரு விரலால் இழுத்தாலே வந்துவிடுகிறது. குறியிலிருந்து கண்ணை எடுக்காமல் அடுத்த குண்டை ஏற்ற முடிகிறது.

ட்ரிகருக்கு வருவோம். ஆட்டோகாக்கரின் ட்ரிகர் இழுப்பில் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் சியர் ஹேமரை விடும், இரண்டாவதில் த்ரீ-வே நகரும். பம்ப்பில் இரண்டாவது கட்டத்துக்கு வேலையே இல்லை. அதனால் ட்ரிகர் பின்னால் போகும் தூரத்தை நிறுத்தத் திருகால் வெட்டிவிடலாம். இன்னும் முக்கியமானது ஹேமரின் அடியில் சியர் பிடித்துக்கொள்ளும் முளையான லக். போல்ட்டை எடுத்துவிட்டு மேலிருந்து ஆலன் கீயை விட்டால் அதை ஏற்றவோ இறக்கவோ முடியும். லக் அதிகம் இறங்கியிருந்தால் சியர் ஆழமாகப் பிடித்துக்கொள்ளும். ட்ரிகரை நெடுந்தூரம் இழுக்க வேண்டும், சுடும் நேரத்தில் கை அசையும். அதிகம் ஏறியிருந்தால் சியர் நுனியில் மட்டும் பிடிக்கும், தட்டினாலே விட்டுவிடும். கால் சுற்று ஏற்றுவது, காற்றில்லாமல் காக் செய்வது (ஹேமரைச் சியரில் மாட்டுவது), உடலை உள்ளங்கையால் நாலு பக்கமும் ஓங்கித் தட்டுவது: இதுதான் என் முறை. ஹேமர் ஒரு தடவை தானாக விழுந்தாலும் அரைச் சுற்று இறக்கிவிடுவேன். லேசான ட்ரிகருக்கு ஆசைப்பட்டு இதில் சமரசம் செய்யக் கூடாது. பக்கத்தில் நிற்பவர் முகமூடியைக் கழற்றியிருக்கும் நேரத்திலும் துப்பாக்கி தானாகச் சுட்டுவிடலாம்.

எனக்கு அதிக நேரம் எடுத்தது, துப்பாக்கிக்குள் வரும் காற்றின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் முக்கிய ரெகுலேட்டர்தான் (முன்பு கழற்றியது வேறு), அதிகப் பலன் தந்ததும் அதுதான். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் முன்னால் நின்று, அழுத்தத்தை நன்றாக இறக்கிவிட்டுக் கால் சுற்றாக ஏற்றிக்கொண்டே சுட வேண்டும். வேகம் 230, 255, 270 என்று ஏறும். ஏற்றம் மெதுவாகக் குறையும், நிற்கும், பிறகு இறங்கத் தொடங்கும். அழுத்தம் கூடக் கூட வேகம் ஏன் குறைய வேண்டும்? வால்வை மூடிப் பிடித்திருப்பதே அதன் பின்னால் நிற்கும் காற்றுதான். காற்றின் பலம் கூடினால் ஹேமரின் அதே அடி வால்வைக் கொஞ்ச நேரமே திறந்து வைக்கும். வேகம் உச்சத்தில் நிற்கும் அந்த இடத்தை ஸ்வீட் ஸ்பாட் என்கிறார்கள். அங்கே ரெகுலேட்டரை நிறுத்திவிட்டு, மைதான வரம்புக்கு ஏற்ற வேகத்தை ஹேமர் ஸ்பிரிங்குக்குப் பின்னால் உள்ள திருகால் கூட்டிக் குறைக்க வேண்டும். ஸ்பிரிங்கை மாற்றினால் உச்சமும் நகரும். அதனால் இரண்டையும் மாறி மாறிச் சரிபார்த்துத்தான் முடிக்க முடியும்.

இது காற்றை மிச்சப்படுத்தும் என்று எல்லாரும் சொல்வார்கள், அது உண்மைதான். பம்ப்காரருக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. உச்சத்தில் அழுத்தம் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் வேகம் பெரிதாக மாறாது. துப்பாக்கி சும்மா இருக்கும்போது, காற்றை அடைத்து நிறுத்தும் ரெகுலேட்டர் சீட் தேய்ந்திருந்தால் அதன் வழியே அழுத்தம் மெல்ல மெல்ல ஏறும், கிரீப் என்பார்கள். வேகமாகச் சுடுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. இரண்டு நிமிடம் காத்திருந்து சுடும் நமக்கு அந்த முதல் குண்டு தலைக்கு மேல் போய்விடும். சோதிப்பது எளிது: குரோனோவில் ஒன்று சுடுங்கள், இரண்டு நிமிடம் சும்மா இருங்கள், இன்னொன்று சுடுங்கள். என்னுடையதில் ஆரம்பத்தில் இரண்டுக்கும் இடையே வினாடிக்கு 20 அடிக்கு மேல் வித்தியாசம் வந்தது. சீட்டையும் ஓ-ரிங்கையும் மாற்றி, உச்சத்தில் வைத்த பிறகு ஐந்தாறு அடிக்குள் நிற்கிறது. நல்ல குண்டாக இருந்தாலும் இதைவிட நெருக்கமாக எதிர்பார்ப்பது அதிகம்.

அடுத்தது பேரல். மூடிய போல்ட் துப்பாக்கியில் குண்டு சுடுவதற்கு முன்பே பேரலுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. குண்டு முன்னால் நழுவாமல் தடுக்கும் டிடென்ட் அதற்குப் பின்னால் இருப்பதால் முன்னால் தடுத்துப் பிடிக்க எதுவும் இல்லை. பேரலின் உள்துளை பெரிதாக இருந்தால், குனிந்து ஓடும்போது குண்டு உருண்டு வெளியே விழுந்துவிடும். பிறகு மறைவிலிருந்து எழுந்து சுட்டால் வெறும் காற்றுதான். இதற்காகவே ஃப்ரீக் பேரலும் அதன் உட்குழல்களும் வாங்கினேன். அவை 0.679 முதல் 0.695 அங்குலம் வரை பல அளவுகளில் வருகின்றன. ஆடும் நாளில் வாங்கிய குண்டை உட்குழலில் போட்டுப் பார்ப்பேன். தானாக உருளக் கூடாது, வாயால் லேசாக ஊதினால் வெளியே வர வேண்டும். உட்குழலைத் துப்பாக்கியில் மாட்டும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பம்ப்புக்கு நான் ஒரு அளவு இறுக்கமாகவே வைத்துக்கொள்கிறேன்.

குண்டின் தோல் ஜெலட்டின். ஈரக்காற்றில் ஊறி உப்பும், வறண்ட குளிரில் சுருங்கி நொறுங்கும் தன்மைக்கு வரும். ஜூலையில் பொருந்திய உட்குழல் அக்டோபரில் பொருந்தாமல் போவது அதனால்தான். பையைத் திறந்ததும் நாலைந்து குண்டை உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பேன். தையல் புடைத்திருந்தாலும் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தாலும் எந்தப் பேரலும் அதைக் காப்பாற்றாது. துப்பாக்கிக்கு இவ்வளவு செலவழித்தவர்கள் மலிவான குண்டு வாங்குவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. பம்ப்பில் ஒரு நாளைக்குச் செலவாகும் குண்டு குறைவு, அதனால் நல்லதாகவே வாங்கலாம்.

நான் தவிர்த்தவையும் உண்டு. ட்ரிகரை அழுத்திப் பிடித்தபடி பம்ப் செய்தாலே சுடும் ஆட்டோ ட்ரிகரை நான் பொருத்தவில்லை. போல்ட் முழுக்க மூடும் முன் ஹேமர் விழுந்தால் காற்று மேலே குண்டுகள் இருக்கும் ஹாப்பருக்குள் போகும், குண்டும் உடையலாம். நீளமான பேரலும் வேண்டாம். முனையிலுள்ள துளைகள் சத்தத்தைக் குறைக்கும், அது போதும். குண்டைத் தள்ளும் வாயுவாகக் கார்பன் டை ஆக்சைடையும் கைவிட்டேன். அதன் அழுத்தம் 21 டிகிரி செல்சியஸில் சுமார் 850 பிஎஸ்ஐ. வெயிலில் கிடந்தால் கிடுகிடுவென்று ஏறும், மிச்சிகன் அக்டோபரில் விழுந்துவிடும். அழுத்தப்பட்ட காற்றுச் சிலிண்டரில் அந்த ஆட்டம் இல்லை. பன்னிரண்டு கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பியும் பத்துக் குண்டுக் குழாயுமாக ஸ்டாக் கிளாஸ் ஆடுகிறவர்கள் அதோடு வாழ்ந்து பழகியவர்கள், அவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.

இதே வழியில் போக நினைப்பவர்கள் பழைய ஆட்டோகாக்கரைத் தேடும்போது உடலின் மரைகளை முதலில் பாருங்கள். அடிக்கடி கழற்றி மாட்டியதில் முன் பிளாக் மரை தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். வெளிப்பூச்சு கீறல், தேய்ந்த சீட், தொலைந்த திருகு எல்லாம் பரவாயில்லை. ஆட்டோகாக்கர் பேரல் மரையை இன்றும் பல துப்பாக்கிகள் பயன்படுத்துவதால் பேரலுக்குப் பஞ்சம் வராது. சிலிண்டரோடு சேர்த்து வாங்கினால் அதன்மேல் பதித்திருக்கும் சோதனைத் தேதியைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஐந்து வருடம் கடந்திருந்தால் ஹைட்ரோ சோதனை (தண்ணீர் அழுத்தத்தில் சிலிண்டரின் பலத்தைப் பார்ப்பது) முடியும்வரை காற்று நிரப்ப மாட்டார்கள்.